என் வாசலில் நட்ட குழாய்

தலைமையாசிரியர் ஓய்வு பெற்றால் கோயில் பிராகாரத்தைச் சுற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்குச் சுற்றப் பிடிக்காது. சிதம்பரத்தில் பாதி, கடலூரில் பாதி என்று வேலை பார்த்து முடித்து, திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்த நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். காரணம் ஒரு குழாய்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. அங்கே கிணறெல்லாம் உப்பு. பெண்கள் குடத்தோடு வாய்க்காலில் இறங்கி ஏறி, எங்கள் பக்கத்துக் கிணறுகளில் வந்து கெஞ்ச வேண்டும். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிப் போய்த்தான் குடிக்கத் தண்ணீர். நகராட்சிக்கு நடந்து என் செருப்பு தேய்ந்தது. ஒருவனும் அசையவில்லை. சரி, நானே உள்ளே போகிறேன் என்று நின்றுவிட்டேன்.

எதிர்த்து நின்றவன் அரிசி மண்டிக்காரன். என்னிடம் படித்தவன். படித்தவன் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் பேசும் கூட்டத்துக்கெல்லாம் போய் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். என்னைப் பார்த்ததும் தோள் துண்டு கைக்கு வந்துவிடும். வணக்கத்துக்கு மேல் அவனுக்குப் பேச்சு வராது. கூட்டம் சிரிக்கும். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தேர்தலுக்கு முந்திய வாரம் வெற்றிலை பாக்குத் தட்டோடும் கட்சிக்காரர்களோடும் என் வீட்டுக்கு வந்தான். "ஆசீர்வாதம் பண்ணுங்க சார்" என்று காலில் விழுந்தான்.

பரீட்சைக் காலத்தில் வருஷா வருஷம் பிள்ளைகள் இப்படித்தான் வந்து விழும். ஒரே வாசகத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். புத்தி தடுப்பதற்குள் சொல்லிவிட்டது.

"நல்லபடியா ஜெயிச்சுட்டு வாடா."

மத்தியானத்துக்குள் ஜட்கா வண்டியில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். "சாரே வாழ்த்திட்டாரு! சார் ஓட்டே நமக்குத்தான்!"

எனக்காகத் தெருத்தெருவாகத் தகரக் குழலில் கத்திக்கொண்டிருந்தவர் ஜவுளிக்கடை பாய் ஒருவர்தான். வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"என்னா சார் இது, எதிராளிக்கு துவா செஞ்சு அனுப்பிட்டீங்களாமே? இனிமே நான் என்னான்னு கத்துறது?"

"வாபஸ் வாங்கிட்டேன்னு கத்துய்யா."

"வேட்புமனுவ வாபஸ் வாங்கலாம் சார். துவாவ எப்புடி வாங்குறது?"

தோற்றேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே அவனுக்குத்தான் போட்டிருந்தது. சாரே சொல்லிவிட்டாரே என்றார்கள். மாலையோடு வந்தவனிடம் கேட்டேன்.

"மால கெடக்கட்டும். குழாய் எங்கடா?"

"மொத வேல அதான் சார்."

சொன்னபடி செய்தான். சிதம்பரத்தில் மகள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் வீட்டு வாசலில் சிமெண்டு மேடை. அதன்மேல் குழாய். பக்கத்தில் அவன், பல்லெல்லாம் தெரிய.

"உங்களுக்குச் செய்யாம யாருக்கு சார் செய்யப்போறேன்?"

நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. அதற்குள் பின்தெருக்காரி ஒருத்தி குடத்தோடு வந்தாள். முட்டிவரை சேறு. குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வாசல்ல குழாய் வேணும்னா நேரா கேட்டு வாங்கிக்கக்கூடாதா சார்? எங்க தண்ணிக் கஷ்டத்தச் சொல்லி எதுக்கு ஊரெல்லாம் ஓட்டு கேட்டீங்க?"

தேர்தலில் தோற்றது வலிக்கவில்லை. இது வலித்தது.

"நாளைக்கே அந்தப் பக்கம் மாத்துடா" என்றேன்.

"அதுக்குத் தனியா தீர்மானம் போடணும் சார். ஆறு மாசமாவது ஆவும்" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டான்.

அடுத்த வீட்டில் கடப்பாரை வாங்கி மேடையை இடிக்க ஆரம்பித்தேன். தெருவே கூடிவிட்டது. யாரோ போய்ச் சொல்ல, கவுன்சிலர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"சார், பொதுச் சொத்து சார்! கேஸாயிடும்!"

"ஆவட்டும். தேர்தல்ல வாழ்த்துனதுக்கு நீ எனக்கு லஞ்சமாக் குழாய் போட்டுக் குடுத்தேன்னு கோர்ட்டுல சொல்றேன்."

ஆறு மாசத் தீர்மானம் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேறியது. வாய்க்காலுக்கு அடியில் பைப்பை இறக்கி அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குழாய் நட்டார்கள்.

என் மனைவி மூன்று நாள் அடுப்போடு மல்லுக்கட்டினாள். நாலாம் நாள் வாயைத் திறந்தாள்.

"நம்ம கெணத்துத் தண்ணியில பருப்பு வேவுறதில்ல. குழாத் தண்ணியில ஒரே கொதியில வெந்துச்சு. அதையும் புடுங்கிக் குடுத்துட்டீங்க."

பேசிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நல்லவேளை, அது வெயில் காலம். வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்தான். நெடுநேரம் கழித்துத்தான் திரும்பினாள்.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"உங்களக் கேள்வி கேட்டாளே, அவதான் அங்க நாட்டாமை. வாத்தியார் வூட்டம்மான்னு நடுவுல பூந்தேன். கடைசியில போய் நில்லுங்கம்மான்னுட்டா."

"நீ என்னா சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? போய் நின்னேன்."