அண்ணன் வலை போடாத வெள்ளிக்கிழமை

போன வாரம் என் சுயசரிதையின் கடைசி ப்ரூஃபோடு பழவேற்காட்டுக்குப் போனேன். டி.வி. காமெடியனுக்கு எதற்குச் சுயசரிதை என்கிறீர்களா? நானும் கேட்டேன். “புகழ், குடி, மனநோய்... மூணும் உங்ககிட்ட இருக்கு சார். போதாதா?” என்றார் பதிப்பாளர்.

இருந்தது உண்மைதான். புகழின் உச்சத்தில் ஒருநாள், பட்டப்பகலில், எங்கள் ஊர் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் குடித்துவிட்டுக் கிடந்தேன். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு, உள்ளே நான். டூரிஸ்ட்கள் இருவரையும் போட்டோ எடுத்தார்கள். செல்ஃபி என்னோடுதான் அதிகம்!

அடுத்த வாரமே மனநல மருத்துவமனை. புத்தகத்தின் பெஸ்ட் ஜோக் அங்கேதான்: ‘என்னைச் சேர்த்த வெள்ளிக்கிழமை அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. ஏரிக்கு வலை போடப் போய்விட்டார். தம்பி எங்கே ஓடப்போகிறான்... இறால் ஓடிவிடுமே!’ டைப் செய்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

மறுநாள் புத்தகம் அச்சுக்கு. அதற்கு முன் அண்ணன் காதில் போட்டுவிடலாமே என்றுதான் போனேன். அண்ணி சத்தமாகப் படித்தார். வலையின் கிழிசலைத் தைத்தபடி அண்ணன் கேட்டார். எலும்புக்கூட்டுக்குச் சிரித்தார். இறாலுக்கு... ஊசி நின்றது.

“வெள்ளிக்கெயம நான் வலை போட்டேன்னா எழுதிக்கீற?”

“ஜோக்குண்ணே. உன்னை யாரும் கல்நெஞ்சன்னு நெனைக்க மாட்டாங்க.”

“நெனச்சா நெனச்சிக்கினு போறான். நீ என்னைத் திருடன்னு எழுதிக்கீறடா!”

எங்கள் ஏரியில் ‘பாடு’ என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். அடுத்தவனின் ‘பாடு’ நாளில் வலையை நனைத்தால் ஊர்க் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

“அன்னிக்கு நம்ம பாடுதானேண்ணே?” என்றேன். அதை வைத்துத்தானே, ஆள் வரவில்லை, அப்படியானால் ஏரியில்தான் இருப்பார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்!

“நம்ம பாடுதான். கோயிந்தனுக்கு வுட்டுக் குடுத்துட்டேன். குடுத்தப்பறம் நானும் எறங்குனேன்னு ஊர்ல படிச்சா... அவன் மூஞ்சில எப்டிரா முழிப்பேன்?”

“ஏன் விட்டுக் கொடுத்தே?”

அண்ணி காகிதத்தைக் கீழே வைத்தார். “நல்லாக் கேட்டீங்க தம்பி! ஆஸ்பத்திரி கேட்டாண்டதான் நின்னுக்கினு இருந்தாரு. ரெண்டு நாளைக்கு ஊட்டு ஆளுங்கள உள்ள வுட மாட்டோம்னுட்டாங்க. ரெண்டு நாளும் அங்கயேதான்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையேண்ணே?”

“நீ இன்னா கேட்டியா?” அண்ணன் மறுபடியும் ஊசியை எடுத்தார். “நீதான் பேசிக்கினே இருப்பியே.”

எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. சொந்த வேதனையைக் காமெடி ஆக்குகிறோம். சரி, அது நம் சொத்து. ஆனால், அந்தக் கதைக்குள் நிற்கிற மற்றவர்களுக்கு அவர்களைக் கேட்காமலே வேஷம் கட்டிவிடுகிறோமே? நானாவது அன்று மருந்து மயக்கத்தில் இருந்தேன். எழுதும்போது என்ன மயக்கம்? கைத்தட்டல் மயக்கம்தான்!

அங்கேயே உட்கார்ந்து அந்த ஜோக்கைக் கோடு போட்டு அடித்தேன். அண்ணி சொன்னதை அப்படியே எழுதிப் பதிப்பாளருக்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன்.

“சார், ஜோக்கை எடுத்துட்டா அந்தப் பக்கத்துல என்ன சார் இருக்கு?”

“எங்க அண்ணன் இருக்கார்” என்றேன்.