டாக்டரிடம் சொன்ன பொய்

கொரோனா இரண்டாம் அலையின்போது என் ஒன்பது வயது மகளைத் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். "இதுக்கு முன்னாடி அவளுக்கு ஏதாவது பிரச்சனை இருந்திருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

அது பொய். அவளுக்கு நான்கு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. பெண் குழந்தை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று, என்னையும் கணவரையும் தவிர யாருக்கும் தெரியாமல் மாத்திரை கொடுத்து வந்தோம். வார்டிலும் நர்ஸ் இல்லாத நேரம் பார்த்துத்தான் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவளுக்கு ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியது. பக்கத்துப் படுக்கையில் மகனைச் சேர்த்திருந்த செம்பாக்கத்துப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, பாப்பாவுக்கு ஏதோ மாத்திரை குடுத்தியே, இன்னாத்துக்கு அது?"

மாத்திரை அட்டையைப் பைக்குள் தள்ளி மூடினேன்.

"எம் புள்ளைக்கு சுகர் கீது. வந்தவுடனே சொல்லிட்டேன். அதனாலதான் அவனை விடாம பாத்துக்கினு கீறாங்க. நீயும் சொல்லிடுக்கா."

எழுந்துபோய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இந்த மாதிரி குழந்தைங்களுக்கு கோவிட் தீவிரமாகலாம்மா. அதுக்குத்தான் கேட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளை ஐசியுவுக்கு மாற்றினார். அங்கே அன்று மாலையே வலிப்பு வந்தது. தயாராக இருந்ததால் உடனே மருந்து கொடுத்து நிறுத்திவிட்டார்கள்.

பதினோராம் நாள் மகளோடு வீடு திரும்பினோம்.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவள் கேட்காமல் இருந்திருந்தால் நானாகச் சொல்லியிருப்பேனா என்று அடிக்கடி யோசிக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.