மூன்றாவது பாட்டின் ட்ரம்ஸ்

பெரகல சந்தியில் பஸ்ஸுக்காகக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தேன். தகரத்தில் மழை பிடித்தது. உடனே அந்த மூன்றாவது பாட்டு நினைவுக்கு வந்தது, கூடவே எரிச்சலும்.

எழுபதுகளில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் வீட்டில் அம்மா வேலை செய்தாள். கிளாக்கர் மகள் வதனிக்குக் கொழும்பிலிருந்து அவள் மாமா புதிய ராக் இசைத்தட்டுகளை அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து கேட்போம். அவளுக்கு எல்லாப் பாட்டும் "நல்லம்"தான். குறை நிறை சொல்வது நான்.

"மொதப் பாட்டு சும்மா சத்தங்க்கா. மூனாவதுல ட்ரம்ஸைக் கேளுங்க, தகரத்துல மழை புடிக்கிற மாதிரியே இருக்கு."

அடுத்த மாதம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்து ரேடியோவில் நேயர் கடிதம் வாசித்தார்கள். முதல் பாட்டு வெறும் சத்தமாம், மூன்றாவதில் தகரக் கூரை மழையாம். எழுதியவர் வதனி. அவள் வீட்டுக் கூரை ஓடு.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "அது நான் சொன்னதுதானேங்க்கா?"

"உன்ர பேரைப் போட்டா வாசிப்பினமோ? லயத்துப் பிள்ளை ராக் கேக்குமெண்டு ஆர் நம்புவினம்?"

புதிதாக வந்திருந்த தட்டை வைத்து ஊசியை இறக்கினாள். பேனாவும் தாளும் மடியிலேயே இருந்தன.

"இது எப்பிடியிருக்கு, சொல்லு."

கடைசிப் பாட்டு வரை கேட்டேன். அத்தனை அருமையான தட்டு அதற்குமுன் வந்ததில்லை.

"நல்லம்" என்றேன்.