வெர்லீன் பிடி மாற்றிய இடம்

வெர்லீன் பெட்டிஸ் கிட்டாருக்கு முன்னால் வாசித்தது துடைப்பக் கம்பியை. அம்மாவின் துடைப்பத்தைச் சுற்றியிருந்த கம்பியை உருவி, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, கண்ணாடிப் புட்டியால் தேய்த்து வாசித்தாள். துடைப்பம் பிரிந்துபோனதற்காக அடியும் வாங்கினாள். வடக்கு மிசிசிப்பியின் மேட்டுக்காட்டில் பாதிப் பேர் ப்ளூஸ் இசையை அப்படித்தான் தொடங்கினார்கள். பையன்கள் கம்பியிலிருந்து கிட்டாருக்குப் போனார்கள். பெண்கள் அடுப்படிக்கோ தேவாலயப் பாட்டுக்கோ போனார்கள். வெர்லீன், கிட்டார்க்காரன் ஓடெலைக் கட்டிக்கொண்டு கிட்டாருக்குப் போனாள்.

வாரநாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் சோளரொட்டி சுடுவாள். சனிக்கிழமைகளில் மிஸ் எர்லியின் ஆட்டக் கொட்டகையில் ஓடெல் நடுவில் உட்கார்ந்து பாடி வாசிப்பான். அவனுக்கு இடப்பக்கம் இவள், இரண்டாம் கிட்டார். மற்றவர்கள் தாளத்தை எண்ணி இடது கைப் பிடியை மாற்றுவார்கள். ஓடெலுக்கு எண்ணிக்கையே கிடையாது, தோன்றியபோது மாற்றுவான். அவன் தோள் இறங்குவதைப் பார்த்து இவளும் மாற்றுவாள்.

"ஒரு கணக்கு வச்சு மாத்துனா என்னவாம்? உன் தோளையே பாத்துப் பாத்து என் கழுத்து கோணிப்போச்சு."

"நான் எப்ப மாத்துறேனோ அதுதான் இடம், வெர்லீன்."

வருஷக்கணக்கில் இதே சண்டை.

அறுபத்தெட்டாம் வருஷம் பக்கவாதம் வந்து ஓடெலின் இடது கை விழுந்தது. மறுவாரமே மிஸ் எர்லி வந்து நின்றாள்.

"மெம்ஃபிஸ்லேர்ந்து ஒரு பாட்டுக் கூட்டத்தைக் கூப்பிடலாம்னு இருக்கேன்."

"நான் வாசிக்கிறேன்."

"நீ பக்கத்துல உக்காந்து வாசிப்ப. நடுவுல உக்கார ஆள் வேணுமே?"

"நாற்காலி இருந்தாப் போதும். உக்கார நான் இருக்கேன்."

"வாய்க்குக் குறைச்சல் இல்ல. ஒரு சனிக்கிழமை பாக்கறேன். சனம் ஆடாம உக்காந்துட்டா மெம்ஃபிஸ்தான்."

அந்தச் சனிக்கிழமை ஓடெல் வாசல் ஓரமாக, மடியில் வறுத்த மீன் தட்டோடு உட்கார்ந்திருந்தான். டிரம் அடிப்பது அவன் சித்தப்பா மகன் லான்சோ.

"அண்ணி, இன்னைக்கு நான் யாரைப் பாத்து அடிக்கிறது?"

"இத்தனை நாள் யாரைப் பாத்த?"

"உங்களைத்தான். அண்ணன் தோளை நீங்கதான் மறைச்சுக்கிட்டு உக்காருவீங்களே."

"அப்புறம் என்ன கேள்வி? அடி."

முதல் பாட்டு நன்றாகத்தான் கிளம்பியது. பிடி மாற்ற வேண்டிய நேரம் வந்தது. வெர்லீனின் கழுத்து பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பியது. அங்கே தோள் இல்லை, பலகைச் சுவர்தான் இருந்தது. வராத தோளுக்காக இடது கை காத்துக் கிடந்தது. வலது கட்டைவிரல் மட்டும் நிற்காமல் அதே நரம்பை அடித்துக்கொண்டிருந்தது. லான்சோ அவளையே பார்த்தபடி அடித்தான். பெஞ்சுப் பக்கம் இரண்டு பேர் நகர்வது கண்ணில் பட்டது.

பெஞ்சுக்குப் போனவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். தரைப் பலகை அதிர ஆரம்பித்தது. பஞ்சாலைக்காரி ஸெனோபியா கையைத் தூக்கிக் கத்தினாள்: "மாத்தாதடி! அப்படியே விடு!"

வெர்லீன் அப்படியே விட்டாள். எல்லாரும் முழங்கால் மடித்துத் தாழ்ந்து ஆடினார்கள். சுவரைப் பார்ப்பதை நிறுத்தி, தனக்கு வேண்டிய மட்டும் இழுத்தடித்து, பிறகு மாற்றினாள். கொட்டகையே கூவியது. கடைசிப் பாட்டுவரை யாரும் உட்காரவில்லை.

"அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம் வந்துடு" என்றாள் மிஸ் எர்லி. மெம்ஃபிஸ் பேச்சை எடுக்கவில்லை.

வண்டியில் ஏறியதும் ஓடெல் பக்கவாதத்தில் குழறும் நாக்கோடு சொன்னான்: "மொதப் பாட்டுல ரொம்பத் தாமதமா மாத்துன."

"நான் எப்ப மாத்துறேனோ அதுதான் இடம், ஓடெல்."

அவன் மிச்ச மீனைத் தின்றான்.