லாமா என்று எழுதி வைத்த கோப்பு

பிள்ளைகளே, உங்கள் அக்காவை வழியனுப்ப அப்பா நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் இருவரும் கேட்டபோது, "வேலை" என்று மட்டும் சொன்னேன். அது முழுப் பதில் இல்லை. தப்பு என்னுடையது.

ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி நிறுப்பதுதான் என் வேலை. பழக்குலையோடு உள்ளே வரும்போது ஒரு தடவை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வெளியே போகும்போது ஒரு தடவை. லாரி வெளியேறும் வரை முதல் எடையைக் கணினி நினைவில் வைத்திருக்கும். அதில் ஓடுவது ஜாவாவில் எழுதிய நிரல். அதைப் பகலில் நிறுத்தக் கூடாது என்பது கட்டளை. புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால், ‘ஜார்’ என்று முடியும் நூலகக் கோப்பை ஒரு போல்டரில் போட்டு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஓடிக்கொண்டே எடுத்துக்கொள்ளும்.

அன்று மதியம் அப்படி ஒரு புதுக் கோப்பை, இந்த நிரலை எழுதிக் கொடுத்த ஈப்போ கணினிக் கடையிலிருந்து அனுப்பினார்கள். அக்கா பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஜொகூர் பஸ் ஐந்து மணிக்கு. மூன்று மணிக்குக் கிளம்பினால் ஈப்போவில் அவளைப் பார்த்துவிடலாம். இதைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

போட்டேன், அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பள்ளியில் ஐந்தாம் படிவம்வரை படித்த ஆங்கிலத்தை வைத்துப் படித்தேன். ‘திம்பாங்’ என்றால் மலாயில் நிறுப்பது; கோப்புக்கும் அதுதான் பெயர். ‘திம்பாங்’கைத் ‘திம்பாங்’காக மாற்ற முடியாது என்றது. இரண்டு பெயரிலும் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. மறுபடியும் அழுத்தினேன். அதே சிவப்பு. உள்ளே போன ஏழு லாரிகளில் ஒன்றைக்கூட வெளியே விட முடியவில்லை. வாசலில் வரிசை ரோட்டைத் தொட்டது.

ஒரு லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் போனா பழம் லாரியிலயே எண்ணெயாயிடும் லா!"

கடைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பிள்ளை எடுத்தது.

"அண்ணே, போல்டர்ல என்னென்ன இருக்கு? ஒன்னொன்னா படிங்க."

"திம்பாங் ஜார். அப்புறம் திம்பாங் லாமா ஜார்."

"லாமாவா? யாரு வெச்சது?"

"நாந்தான். பழசுதானே, ஒதுக்கி வெச்சேன்."

"ஐயோ அண்ணே, ஒதுக்கல. பேரத்தான் மாத்துனீங்க. ஜார்னு முடிஞ்சா அது எல்லாத்தையும் ஏத்திக்கும். ரெண்டையும் தனித்தனியா ஏத்தியிருக்கு. பேரு ஒன்னுதான், ஆனா ஐசி, அடையாளக் கார்டு வேற மாதிரி. இவன் அவன் இல்லன்னு தகராறு பண்ணுது."

நம் வீட்டில் பழைய சாவி, பழைய ரிமோட் எதையும் நான் வீசமாட்டேன். பழையது என்பதை மலாயில் ‘லாமா’ என்று எழுதி அதே டிராயரில் போடுவேன். நீங்கள் சிரிப்பீர்களே, அதே பழக்கம்தான் அங்கேயும் வந்துவிட்டது.

பழையதை அழிக்கப் பார்த்தேன். ‘இது பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்க முடியாது’ என்றது கணினி. ஓடுகிற நிரல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்தித்தாண்ணே ஆவணும்," என்றது அந்தப் பிள்ளை. "நிறுத்துனா உள்ள இருக்கிற லாரி எடையெல்லாம் போயிடும். மொதல்ல எழுதி வெச்சுக்கிங்க."

மேனேஜரிடம் அனுமதி கேட்டு நான்கு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று மணி தாண்டியது. எனக்கு மாற்றாளும் இல்லை. அவர் திரும்ப அழைத்துச் சரி என்றபோது நாலே கால். ஏழு எடையையும் தாளில் எழுதினேன். நிரலை நிறுத்தினேன். லாமாவை வேறு இடத்துக்கு மாற்றினேன். மறுபடி ஓடவிட்டு எடைகளைத் தட்டினேன். ஒன்றைத் தப்பாகத் தட்டித் திருத்தினேன்.

முதல் லாரி வெளியே போகும்போது அக்கா போன் செய்தாள். பின்னால் பஸ் எஞ்சின் சத்தம்.

"பஸ் எடுத்துட்டாங்கப்பா. பரவால்ல லா. சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் அறையைத் திறந்தேன். பள்ளிப் புத்தகங்களை ஒரு பெட்டியில் கட்டி வைத்திருந்தாள். பெட்டி மேல் என் எழுத்தைப் போலவே கோணலாக, ‘லாமா’ என்று எழுதியிருந்தாள். நான் சிரிப்பேன் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பாள். பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.