திறக்காமல் விட்ட வளைவு

கூட வேலை செய்பவர்கள் அவரைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல், கேன்டீன் சமையலறைகளில் அடுப்புப் புகையை இழுத்து வெளியே தள்ளும் தகரக் குழாய்க்குள் ஊர்ந்து போய், உள்ளே படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுப்பது அவர் வேலை. பதினேழு வருஷமாக அதே பிழைப்பு. அந்தப் பிசுக்கில் ஒரு பொறி பட்டால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் குழாய் முழுக்கப் பற்றிக்கொள்ளும் என்பது அவருக்கு அத்துப்படி. அதனால் வீட்டில் எல்லோரையும் பாடாய்ப் படுத்துவார். சிலிண்டர் வால்வை மூன்று முறை தொட்டுப் பார்க்காமல் வெளியே கிளம்ப மாட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். மூன்று மாதத்துக்கு முன்னால், ஓர் ஆஸ்பத்திரி கேன்டீன். குழாயின் இரண்டாம் வளைவை மூடியிருந்த தகட்டின் போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. மதியச் சமையலுக்கு நேரமாகிறது என்று கீழேயிருந்து அவசரப்படுத்தினார்கள். கண்ணுக்குத் தெரிகிற பாகத்தை மட்டும் பளபளவென்று துடைத்தார். முழுக்கச் சுத்தம் செய்ததாகத் தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்தார். வளைவில்தான் பிசுக்கு அதிகம் தங்கும் என்று தெரியாதவரா அவர்?

அன்றோடு நிம்மதி போயிற்று. தீயணைப்பு வண்டியின் சைரன் எங்கே கேட்டாலும், பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி, சத்தம் எந்தத் திசையில் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஆஸ்பத்திரித் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

ஒரு சாயங்காலம் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வேலையாம், அதே கேன்டீனில், பொரிக்கிற அடுப்பில். அவர் தடுக்கப் பார்த்தார். தூரம் என்றார், சூடு தாங்காது என்றார், முட்டி வலிக்கும் என்றார். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் உள்ளதைக் கக்கிவிட்டார்.

அவள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னைய மட்டும் போகாதேங்கிறீங்க. அங்க எட்டு பேரு தினமும் நின்னு சமைக்கிறாங்களே, அவங்க கிட்ட யாரு சொல்றது?"

மறுநாள் காலை ஸ்பேனரோடு கேன்டீனுக்குப் போனார். எல்லா அடுப்புகளும் எரிந்துகொண்டிருந்தன. தலைமைச் சமையற்கார அம்மாவிடம், அன்றைக்கு வளைவைத் திறக்கவே இல்லை, பொய்யாக எழுதி ஒட்டிவிட்டேன், அடுப்பை அணைத்துவிடுங்கள் என்று நாக்குழறச் சொன்னார். தன் வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னார். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

ஏணியில் ஏறி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டித் தகட்டைப் பெயர்த்தார். உள்ளே விட்ட கை மணிக்கட்டு வரை புதைந்தது. பிசுக்கு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அள்ளிப் போட்டதும் வாளியில் தொப்பென்று விழுந்தது. கீழே எட்டுப் பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இத்தன நாளா இதுக்குக் கீழ பயமில்லாம நின்னோமே" என்றார் அந்த அம்மா.

அவரால் கீழே குனிந்து பார்க்க முடியவில்லை. மறுபடியும் கையை உள்ளே விட்டார்.