உள்மூலையில் ஒரு ரீப்பர்

தமிழ்மாறன் செய்த ஸ்பீக்கர் பெட்டியின் மூலையில் நகத்தை வைத்து இழுத்தால் எங்கேயும் மாட்டாது. மந்தாரக்குப்பத்தில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவன் அக்கா வளர்மதி இதைச் சொல்லிவிடுவாள். எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். ரவிக்கையின் உள்தையலில் ஒரு நூல் பிசிறி நின்றாலும் பிரித்துத் தைப்பாள். அவளுக்கே தம்பியின் வேலையில் குறை தெரிந்ததில்லை.

அவன் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஹெல்பராக இருந்தவன். பழைய டிவிப் பெட்டிகளைப் பிரித்து ஸ்பீக்கர் கட்டிப் பழகி, கடைசியில் அந்த வேலையையும் விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டான். சொந்தக்காரர்கள் எல்லாம் வளர்மதியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "பெர்மனன்ட் ஆவுற வயசுல பொட்டி செய்யறானாம்" என்றார்கள். அவள் முதல் பெரிய வேலை வரட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தது. வடலூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் கலியன் கனத்த ஒலிக்கான பாஸ் பெட்டிகள் இரண்டு கேட்டார். சரியாக இருந்தால் தன்னிடம் இருக்கும் பழைய பெட்டிகளையெல்லாம் சரிசெய்யத் தமிழ்மாறனிடமே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

கார்த்திகை மழையில் இரண்டும் முடிந்தன. கறுப்பு பெயிண்ட் அடித்து, மூலைக்கு இரும்புத் தகடு வைத்தபோது கடைச் சரக்கு தோற்றது. கலியன் எடுக்க வருகிற அன்று காலையில் தமிழ்மாறன் பாட்டைப் போட்டுப் பார்த்தான். முதல் பெட்டி கும்மென்று பேசியது. இரண்டாவது, தவில் அடி விழும்போதெல்லாம் புஸ் புஸ் என்றது.

"அக்கா, ஒரு ஊதுபத்தி கொளுத்திகினு வா."

"பூசை போடப் போறியா பொட்டிக்கு?"

"நீ கொண்டா சொல்றேன்."

அவன் புகையை மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டே வந்தான். பின்பக்கக் கீழ்மூலையில் மட்டும் புகை ஒவ்வொரு அடிக்கும் வெளியே தெறித்தது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கு. அதன் வழியாகக் காற்று போய்வந்துகொண்டிருந்தது.

தப்பு எங்கே என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வீட்டில் எல்லாக் கணக்கும் மைன்ஸின் எட்டு மணி நேர ஷிஃப்டில்தான். பருப்பு ஊறப் பாதி ஷிஃப்ட், மாவு புளிக்க ஒரு ஷிஃப்ட். பசைக்கும் அதே கணக்கில், காலை ஷிஃப்ட் பஸ் போனதும் பலகைகளைச் சேர்த்து இறுக்கிய கிளாம்பை மதிய ஷிஃப்ட் பஸ் போனதும் கழற்றிவிட்டிருந்தான். இருந்தது ஒரே செட் கிளாம்ப். அடுத்த பலகைக்கும் அதுதான் வேண்டும். பலகை லேசாக வளைந்திருந்தது. பசை பிடிக்கும் முன்பே அது தன் வளைவுக்குத் திரும்பிவிட்டது.

"மழைக்கு இட்லி மாவே ரெண்டு ஷிஃப்ட் கேக்குது," என்றாள் வளர்மதி. "ஒன் பசை மட்டும் ஓவர்டைம் பார்க்காதா?"

அவன் சிரித்துவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கலியனின் டெம்போ வந்து நின்றது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுண்டியது. "ஞாயித்துக்கெழமை சேத்தியாத்தோப்புல கல்யாணம்யா! மேல பசையத் தடவி பெயிண்ட் அடிச்சிக் குடு. வெளிய தெரியவா போவுது?"

"இன்னிக்கித் தெரியாதுண்ணே. டெம்போல நாலு தடவ ஏத்தி எறக்குனா பொளந்துக்கும். உள்ள கட்டை வச்சித் தரேன், காயறதுக்கு டைம் குடுங்க."

"நான் வாடகைக்கு எடுத்துக்கறேன். நீ பொறுமையா காய வையி, கருவாடு மாதிரி." டெம்போ காலியாகத் திரும்பியது.

வளர்மதிக்கு, பழைய பெட்டிகள் அத்தனையும் அந்த டெம்போவிலேயே போய்விட்டதாகத் தோன்றியது. தமிழ்மாறனோ அதற்குள் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

இடுக்கில் பசையை ஊசியால் ஏற்றிக் கிளாம்ப் போட்டு இறுக்கினான். ரீப்பர் கட்டையை மூலை நீளத்துக்கு அறுத்தான். பலகையோடு ஒட்டும் இரண்டு முகத்திலும் பசை தடவி, அது ஊறி இழுத்துக்கொண்ட பிறகு மறுபடி தடவினான். உள்மூலையில் வைக்கப் போனால் அவன் முழங்கை ஸ்பீக்கர் ஓட்டையிலேயே சிக்கிக்கொண்டது.

"தள்ளு," என்று வளையலைக் கழற்றி வைத்தாள் வளர்மதி.

தோள்வரை கையை விட்டு, கட்டையை மூலையில் அழுத்திப் பிடித்தாள். அவன் வெளியிலிருந்து ஸ்க்ரூவை முடுக்கினான். கட்டை அவள் உள்ளங்கைக்குள் மெல்ல நகர்ந்து பலகையோடு பதிந்ததை அவளால் உணர முடிந்தது. உள்தையல் விழுந்தது போலிருந்தது. கசிந்து வந்த பசையை விரலாலேயே மூலை ஓரமாக இழுத்துவிட்டாள்.

"போதுமாடா?"

"மத்த மூலைக்கும் வைக்கணும்க்கா. நல்லா இருக்குதே, அந்தப் பொட்டிக்குந்தான்."

"அது என்னா பாவம் பண்ணுச்சி?"

"அதையும் நான்தான ஒட்டுனேன்."

அன்று அவள் ஒரு ரவிக்கைகூடத் தைக்கவில்லை. ஸ்க்ரூ தலைகளை மரத்தூளும் பசையும் குழைத்து மூடினார்கள். இந்தத் தடவை ஷிஃப்டைப் பார்க்காமல், மழை விட்டு ஒரு நல்ல வெயில் அடிக்கும்வரை கிளாம்பைத் தொடவில்லை.

கல்யாணம் முடிந்து கலியன் வந்தார், முகம் கொடுக்காமல். பாட்டைப் போடச் சொன்னார். ஒலியை ஏற்றினார். பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காதை வைத்துப் பார்த்தார். பிறகு பெட்டியைச் சாய்த்து ஒரு மூலை தரையில் இடிக்கும்படி விட்டார். வளர்மதி பல்லைக் கடித்துக்கொண்டாள். பாட்டு ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"வாடகைக்கு எடுத்தது பாதிக் கல்யாணத்துல ஒதற ஆரம்பிச்சிடுச்சி," என்றார் யாரையும் பார்க்காமல். "பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடி மானம் போச்சி."

புதுப் பெட்டிகள் இரண்டையும் அன்றே ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலை அவர் டெம்போ மறுபடி வந்தது. பழைய பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெருவில் இறங்க, தகரக் கொட்டகை நிரம்பி வாசலும் நிரம்பியது. எதிர்வீட்டுத் திலகவதி எட்டிப் பார்த்தாள்.

"என்னா வளரு, இத்தினி ஸ்பீக்கரு? வூட்ல விசேஷமா?"

"ஆமாங்க்கா," என்றாள் வளர்மதி. "தம்பிக்கு வேலை வந்திருக்குது."